பாதிப் பேய்க்கும் நரைக்குமா?

நம் வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் அதிரடி வீடியோ விளையாட்டுகளைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறோம். ஒன்று, "ஷைத்தானின் வேலை, அணைத்துவிட்டுத் தொழப் போ" என்கிறோம். அல்லது, "என்னவோ செய்யட்டும், வெளியே சுற்றாமல் வீட்டில் இருக்கிறானே" என்று விட்டுவிடுகிறோம். கண்டிப்பவருக்கும் கண்டுகொள்ளாதவருக்கும் இதில் ஓர் ஒற்றுமை உண்டு. அந்தத் திரைக்குள் சொல்லப்படும் கதை என்னவென்று இருவருமே பார்ப்பதில்லை.

பார்த்தால் வியப்பளிக்கும் சில செய்திகள் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். தந்தை பேயினத்தவன், தாய் மனிதப் பெண். இவ்விருவருக்கும் பிறந்த நாயகன் வயதாகும்போது அவனுக்கு என்ன நேர்கிறது? கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம். ஆயினும், முதுமையைப் பற்றியும் தந்தை மகன் உறவைப் பற்றியும் நம் இளைஞர்கள் மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கும் கதை இது. அதில் நமக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

ஜப்பானின் ஒசாகா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கேப்காம் நிறுவனம் 2001இல் 'டெவில் மே கிரை' என்னும் விளையாட்டை வெளியிட்டது. இயக்கியவர் ஹிதேகி காமியா. முதலில் 'ரெசிடென்ட் ஈவில்' வரிசையின் நான்காம் பாகமாக உருவாகத் தொடங்கி, போக்கு மாறிப்போனதால் தனி விளையாட்டாகப் பிரிக்கப்பட்டது அது. கதைச் சுருக்கம் இதுதான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பார்டா என்னும் பேயினப் போர்வீரன் தன் இனத்தாரை எதிர்த்து மனிதர்களின் பக்கம் நின்றான். நெடுங்காலம் கழித்து ஈவா என்ற மனிதப் பெண்ணை மணந்தான். டான்டே, வெர்ஜில் என்ற இரட்டையர் பிறந்தனர். பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போதே தாய் கொல்லப்பட்டாள். அன்று பிரிந்த சகோதரர்கள் பிற்காலத்தில் வாளோடுதான் சந்தித்துக்கொண்டனர்.

பெயர்களைக் கவனித்திருப்பீர்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில் அவரை நரகத்தின் வழியே அழைத்துச் செல்பவர் பழைய ரோமானியக் கவிஞர் வெர்ஜில். அந்தக் காவியத்தின் அமைப்பில் மிஃராஜ் பற்றிய இஸ்லாமிய மரபுச் செய்திகளின் தாக்கம் இருக்கிறது என்று மிகுவேல் அசின் பலாசியோஸ் என்ற ஸ்பானிய அறிஞர் 1919இல் ஒரு நூலே எழுதினார். அதே காவியம் நம் உயிரினும் மேலான நபியவர்களைப் பற்றிப் பேசிய விதம் நமக்கு ஏற்புடையதன்று. அந்த வழக்கு வேறு; இங்கே அதற்கு இடமில்லை.

நம் அகீதாவைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. இக்கதைகளில் வரும் பேயினத்தை 'ஷைத்தான்' என்று மொழிபெயர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அது தனி உலகில் வாழ்ந்து, அரசர்களுக்குக் கட்டுப்பட்டு, சண்டையிட்டு மடியும் ஒரு கற்பனை இனம். மனிதன் களிமண்ணிலிருந்தும் ஜின் நெருப்பிலிருந்தும் படைக்கப்பட்டதை அர்ரஹ்மான் அத்தியாயம் நமக்குச் சொல்கிறது. ஜின்களில் நல்லோரும் இருக்கின்றனர், அல்லாதோரும் இருக்கின்றனர் என்பதை அல்ஜின் அத்தியாயத்தில் ஓதுகிறோம். மனிதருக்கும் ஜின்னுக்கும் மணம் சாத்தியமா, கூடுமா என்றெல்லாம் நம் முன்னோர்களான அறிஞர்கள் விவாதித்திருக்கின்றனர். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பத்ருத்தீன் ஷிப்லீ ஜின்கள் பற்றிய சட்டங்களுக்கென்றே தனி நூல் எழுதினார். எனவே 'பாதிப் பேய்' என்ற கற்பனையைக் கேட்டதும் அதிர்ந்து எழ வேண்டியதில்லை. ஆனால் பாதிப் பொறுப்பு என்று ஒன்று நம்மிடம் கிடையாது. யாருடைய பிள்ளையாக இருந்தாலும் அவரவர் சுமை அவரவருக்கே.

முதுமைக்கு வருவோம். பேயின் இரத்தம் கலந்த நாயகனுக்கு முதுமையே கிடையாது என்பதுதான் விளையாட்டுலகின் பழைய வழக்கம். கோனாமி நிறுவனத்தின் 'கேசில்வேனியா' வரிசையில் அலுகார்ட் என்றொருவன் வருகிறான். இரத்தம் குடிக்கும் டிராகுலாவின் மகன். தாய் லீசா மனிதப் பெண். நோயாளிகளுக்கு மருந்து செய்து கொடுத்ததற்காகச் சூனியக்காரி என்று பழிக்கப்பட்டுக் கொல்லப்பட்டவள். அவன் முதன்முதல் தோன்றும் கதை நடப்பது 1476இல். பிறகு தன்னைத்தானே உறக்கத்தில் ஆழ்த்திக்கொள்கிறான். 1797இல் விழித்தெழுகிறான், அந்தக் கதையைச் சொல்லும் விளையாட்டு 1997இல் வெளிவந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பின்னர் 2003இல் வந்த இன்னொரு விளையாட்டின் கதை 2035இல் நடக்கிறது. அங்கும் அவன் வேறொரு பெயரில், கறுப்புக் கோட்டு அணிந்த ஜப்பானிய அரசு அதிகாரியாக, அதே இளமையோடு நிற்கிறான்.

ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இளமை! கேட்கும் பிள்ளைக்கு இது ஒரு வரமாகத் தோன்றும். நமக்கோ வேறொன்று நினைவுக்கு வருகிறது. படைப்பினங்களுள் குறித்த நாள்வரை அவகாசம் கேட்டுப் பெற்றவனாகக் குர்ஆன் நமக்கு அறிமுகப்படுத்துவது யாரை? இப்லீஸை. அல்ஹிஜ்ர் அத்தியாயத்தில் அந்த உரையாடல் இருக்கிறது. சாகாமல் நீளும் காலம் அங்கே பரிசாகச் சொல்லப்படவில்லை. அதைக் கேட்டவன் அதைக்கொண்டு என்ன செய்யப்போவதாகச் சூளுரைத்தான் என்பதும் அங்கேயே இருக்கிறது. நியாயமாகச் சொன்னால், அலுகார்டின் கதையை எழுதியவர்களும் அவனை மகிழ்ச்சியானவனாகக் காட்டவில்லை. தாயின் மரணம் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவன் கனவில் நேற்று நடந்ததுபோல் வருகிறது. மூப்படையாதவனுக்குத் துயரமும் மூப்படைவதில்லை போலும்.

டான்டே அப்படியன்று. அவனுக்கு வயதாகிறது. இது இந்த வரிசையின் தனிச்சிறப்பு என்றே சொல்வோம்.

ஆனால் விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். டான்டேவின் தலைமுடி பிறவியிலேயே வெண்மை. ஸ்பார்டாவின் வாரிசுகள் எல்லாருக்குமே அப்படித்தான். 2005இல் வெளிவந்த மூன்றாம் பாகம் காலத்தால் முந்தைய கதையைச் சொல்கிறது. இருபது வயதை ஒட்டிய துடுக்கான இளைஞனாக டான்டே அதில் வருகிறான். அப்போதும் தலை முழுக்க வெள்ளை. நம் ஊரில் இளநரை என்று சொல்லி எண்ணெய் தேய்க்கச் சொல்வார்களே, அதெல்லாம் இவனிடம் செல்லாது. மனிதர்களுக்கு முதுமையின் முதல் தூதாக வரும் நரை இவனுக்குத் தொட்டிலிலேயே செலவாகிவிட்டது. அப்படியானால் முதுமையை எங்கே காட்டுவது?

2008இல் வந்த நான்காம் பாகத்தில் முகவாயில் முளைத்த முள்தாடியில் காட்டினார்கள். 2019 மார்ச்சில் வந்த ஐந்தாம் பாகத்தில் கண்களின் ஓரத்துக் கோடுகளில், தளர்ந்த கன்னத்தில், கலைந்த நீள்முடியில், கரகரத்த குரலில் காட்டினார்கள். அந்தப் பாகத்தில் முகங்களை வெறும் கையால் வரையவில்லை. உண்மையான மனிதர்களின் முகங்களைப் பல கோணங்களில் படமெடுத்து, அவற்றைக்கொண்டு உருவாக்கினர். பேயின் மகனுக்கு முதுமை தேவைப்பட்டபோது அதை ஒரு மனிதனின் தோலிலிருந்துதான் கடன் வாங்க முடிந்தது என்பதை நாம் ரசிக்கிறோம். குரலுக்கும் அதே கதைதான். மூன்று, நான்கு, ஐந்து ஆகிய பாகங்களில் டான்டேவுக்குக் குரலும் உடலசைவும் கொடுத்தவர் ஒரே நடிகர், ரூபன் லாங்டன். 2005க்கும் 2019க்கும் இடையே அவருக்கு வயதான அளவு டான்டேவுக்கும் வயதாயிற்று.

இதற்கிடையில் 2013இல் பிரிட்டனின் நிஞ்சா தியரி நிறுவனம் கதையைப் புதிதாகத் தொடங்கி, கறுப்பு முடியோடு ஓர் இளம் டான்டேயை உருவாக்கியது. அதில் ஒரு காட்சியில் வெண்ணிறப் பொய்முடி ஒன்று அவன் தலையில் வந்து விழும். கண்ணாடியைப் பார்த்து அவன் ஏளனம் செய்வான். பழைய ரசிகர்கள் பலர் அதை மன்னிக்கவே இல்லை. முதுமையைக் கேலி செய்கிறார்கள் என்பதற்காக அல்ல, தங்கள் நாயகனைக் கேலி செய்கிறார்கள் என்பதற்காக.

இனி, விளையாடாதவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்று. இந்த வரிசையில் முதுமை முகத்தில் மட்டும் இல்லை. விளையாடும் முறையிலேயே இருக்கிறது. மூன்றாம் பாகத்து இளம் டான்டேவுக்குச் சண்டைப் பாணிகள் பல உண்டு. ஒன்று வாள்வீச்சு, ஒன்று துப்பாக்கி, ஒன்று நழுவி ஓடுதல், ஒன்று அடியைத் தாங்கித் திருப்புதல். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள முடியும். மாற்ற வேண்டுமானால் குறிப்பிட்ட இடத்துக்குப் போக வேண்டும். நான்காம், ஐந்தாம் பாகங்களில் நடுவயதை எட்டிய டான்டே இந்த நான்கையும் சண்டையின் நடுவே, ஒரே நொடியில் மாற்றிக்கொள்கிறான். இளைஞனிடம் ஒரு கலை இருந்தது. மூத்தவனிடம் எல்லாம் ஒருங்கே இருக்கின்றன. அதனாலேயே மூத்த டான்டேயை இயக்கக் கற்றுக்கொள்வது கடினம். புதிதாக வரும் இளைஞன் நீரோவை இயக்குவது ஒப்பீட்டளவில் எளிது. வயதில் மூத்தவரைப் புரிந்துகொள்ளக் கூடுதல் பொறுமை வேண்டும் என்பதை விரல்களுக்கே பாடமாக்கியிருக்கிறார்கள். ஒரு நாவலோ திரைப்படமோ இதை இப்படிச் செய்ய முடியாது.

இதைப் பாராட்டிய அதே மூச்சில் நம் மறுப்பையும் பதிவு செய்ய வேண்டும். டான்டேவின் முதுமையில் அனுபவம் இருக்கிறது, கடன் இருக்கிறது, சோர்வான நகைச்சுவை இருக்கிறது. பலவீனம் மட்டும் இல்லவே இல்லை. ஐந்தாம் பாகத்தில் அவன் தன் வாழ்நாளிலேயே மிக வலிமையானவனாகிறான். தந்தையின் வாளையும் தன் வாளையும் தனக்குள் ஏற்று, முன்பு இல்லாத பேருருவம் எடுக்கிறான். முகத்துக்கு நாற்பது கடந்துவிட்டது; மூட்டுக்கு இருபதுகூட ஆகவில்லை. ஆண்களைக் கவரும் நடுவயதுக் கனவு இதுதான். தாடியில் கண்ணியம் வேண்டும், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கக்கூடாது!

மனித வாழ்வை அல்லாஹ் வரைந்து காட்டும் விதம் இதற்கு நேர்மாறானது. அர்ரூம் அத்தியாயத்தின் 54ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். பலவீனத்தில் தொடங்கிப் பலத்துக்குச் சென்று, பிறகு மீண்டும் பலவீனத்துக்குத் திரும்பும் பாதை அது. அங்கே நரை பலவீனத்தோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. தனித்து அலங்காரமாக வருவதில்லை. ஸகரிய்யா (அலை) அவர்கள் தம் இறைவனை அழைத்தபோது தலை நரைத்ததை மட்டும் சொல்லவில்லை. எலும்புகள் தளர்ந்ததை முதலில் சொன்னார்கள். தள்ளாத முதுமையின் இழிநிலையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அதே நேரத்தில் நரைமுடியைப் பிடுங்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். தளர்ச்சியை மறைக்காமலே நரையைக் கண்ணியப்படுத்தும் பார்வை அது. டான்டேவுக்குக் கொடுக்கப்பட்ட முதுமை இந்தப் பார்வையில் பாதி முதுமைதான்.

மறுபாதியை அந்த விளையாட்டு வேறொருவனிடம் கொடுத்து வைத்திருக்கிறது. இதை எழுதத் தூண்டியவனே அவன்தான்.

வெர்ஜிலின் வாழ்க்கை டான்டேவின் வாழ்க்கையைப்போல் அமையவில்லை. தாய் இறந்த நாளில் தன்னைக் காத்துக்கொள்ள வலிமை இல்லாமல் போயிற்றே என்ற காயம் அவனை வலிமை, மேலும் வலிமை என்று ஓட வைத்தது. மனிதப் பாதியை அவன் ஒரு குறையாகவே எண்ணினான். மூன்றாம் பாகத்தின் இறுதியில் பேயுலகில் விழுந்தான். அங்கே தாயைக் கொல்வித்த அரசனிடமே அடிமையானான். பல ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாம் பாகத்தில் திரும்பும்போது அவன் உடல் சிதைந்து உதிர்ந்துகொண்டிருக்கிறது. கவனியுங்கள், இரட்டையரில் மனிதனாக வாழ ஒப்புக்கொண்டவன் முறையாக மூப்படைகிறான். மனிதத்தை வெறுத்தவனின் உடலோ காலத்துக்கு முன்பே இற்றுப்போகிறது. உயிர் பிழைக்க அவன் செய்வது கொடுமையானது. நீரோ என்ற இளைஞனின் வலக்கையைப் பிடுங்கி, அதில் இருந்த குடும்பத்து வாளை எடுத்துக்கொள்கிறான். அந்த வாளால் தன்னையே இரண்டாகப் பிளக்கிறான். பேய்ப்பாதி ஒரு பேரரக்கனாக எழுகிறது. வேண்டாம் என்று உதறப்பட்ட மனிதப்பாதி, 'வி' என்ற ஒற்றை எழுத்துப் பெயரோடு, மெலிந்த உடலும் கைத்தடியுமாகத் தெருவில் நிற்கிறது.

விளையாடுபவர் இந்த 'வி'யையும் இயக்க வேண்டும். அவனால் நேருக்கு நேர் சண்டையிட முடியாது. அவனுக்குத் துணையாக மூன்று உயிரினங்கள் உண்டு. ஒன்று பறவை வடிவம், ஒன்று சிறுத்தை வடிவம், ஒன்று பூதவுடல். அடிப்பதெல்லாம் அவைதான். அவன் சற்றுத் தள்ளி நின்று ஏவுகிறான், இடையிடையே புத்தகம் படிக்கிறான். ஆனால் எதிரியை அவற்றால் கொல்ல முடியாது. கடைசி அடியை அவன்தான் தன் கைத்தடியால் கொடுக்க வேண்டும். கதை நகர நகர அவன் தோல் காய்ந்த மண்போல் வெடிக்கிறது. நடை தடுமாறுகிறது. முகத்தைப் பார்த்தால் அவன் இளைஞன். ஆயினும் அந்த விளையாட்டில் உண்மையில் முதுமையடைவது அவன் ஒருவனே. தன் வேலையைப் பிறர் கையால் செய்விக்க வேண்டிய நிலை, எழுந்து நிற்க ஒரு தடி, குறைந்துகொண்டே வரும் நாள்கள் பற்றிய தெளிவு ஆகிய மூன்றையும் நம் வீட்டுப் பெரியவர்களிடம் நாம் பார்த்திருக்கிறோம். சண்டைக்கென்றே செய்யப்பட்ட ஒரு விளையாட்டில் இதற்கு இடம் கொடுத்தார்களே என்று வியக்கிறோம்.

முடிவை நெருங்கும்போது தளர்ந்துபோன 'வி', நீரோவின் உதவியோடுதான் முன்னே செல்கிறான். தான் தாங்கிக்கொண்டு போவது தன் தந்தையின் ஒரு பாதி என்று நீரோவுக்குத் தெரியாது. ஆம், கை பிடுங்கப்பட்ட அந்த இளைஞன் வெர்ஜிலின் மகன், அநாதையாக வளர்ந்தவன். யாரென்றே அறியாத, தனக்கு எந்தக் கடமையும் இருப்பதாகத் தோன்றாத, வலுவிழந்த ஒருவனை அவன் விட்டுவிட்டுப் போகவில்லை.

பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் முதுமையை அடைந்த பெற்றோரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வரும் கட்டளையை நாம் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். நல்லது. ஆனால் நல்ல தந்தையைத் தாங்குவது எளிது. தன்னை வளர்க்காத, தனக்குத் தீங்கு செய்த தந்தை முதுமையில் திரும்பி வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நம் குடும்பங்களிலும் இருக்கிறது. பிள்ளைகளை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் கழித்து நோயோடு வந்து நிற்கும் வாப்பாக்களை நாம் அறிவோம். வெளிப்படையாகப் பேசுவதில்லை, அவ்வளவுதான். அந்த விளையாட்டு அதைப் பேசுகிறது. இறுதியில் மீண்டும் ஒன்றாகிவிட்ட வெர்ஜிலும் டான்டேவும் ஒருவரையொருவர் கொன்றே தீர்வது என்று வாளேந்தி நிற்கும்போது, நீரோ நடுவில் புகுந்து இருவரையும் தடுக்கிறான். இழந்த கை அந்தக் கணத்தில் அவனுக்குத் திரும்புகிறது. தந்தைக்கு அவன் எதையும் எளிதாக மன்னித்துவிடவில்லை, சண்டையிட்டுத்தான் அடக்குகிறான். ஆனால் சாக விடவில்லை. உறவைத் துண்டிப்பவரோடும் உறவைப் பேணுவது என்று நாம் மிம்பர்களில் கேட்பதன் கரடுமுரடான ஒரு வடிவம் இது என்றால் மிகையாகாது.

இன்னொரு செய்தியும் முதுமை பற்றியதுதான். 2003இல் வந்த இரண்டாம் பாகத்தில் டான்டே பெரும்பாலும் பேசுவதே இல்லை. இறுகிய முகம், நகைச்சுவை அற்ற மௌனம். அந்தக் கதை வரிசையில் கடைசியில் நடப்பதாகவே ரசிகர்கள் வெகுகாலம் எண்ணிவந்தனர். அப்படியானால் வயது ஏற ஏற மனிதன் வாயடைத்துப்போகிறான் என்று பொருள். ஐந்தாம் பாகத்தின்போது நிறுவனம் காலவரிசையைத் தெளிவுபடுத்தியது. மூன்று, ஒன்று, பிறகு 2007இன் கார்ட்டூன் தொடர், அதன்பின் இரண்டு, நான்கு, ஐந்து என்பதே கதையின் வரிசை. ஆக, அந்த மௌனம் முதுமையின் முடிவன்று. முப்பதுகளில் வந்து போன ஓர் இருண்ட காலம். அதைக் கடந்து அவன் மீண்டும் சிரிக்கக் கற்றுக்கொண்டான். இது திட்டமிட்டு எழுதப்பட்டதன்று, வணிகத் தேவைக்குச் செய்த ஒட்டுவேலை என்று சொல்வோர் சொல்லட்டும். சம்பாத்தியம், கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று முப்பதுகளில் வாய் மூடிப்போன எத்தனையோ தந்தையரை அறிந்த நமக்கு இந்தப் புதிய வரிசைதான் உண்மையாகப் படுகிறது.

இதே காலத்தில் 2018இல் வந்த 'காட் ஆஃப் வார்' விளையாட்டிலும் கிராட்டோஸ் என்ற பழைய கோபக்காரன் தாடியோடும் மகனோடும் திரும்பி வந்தான். அவன் பேயின் மகனல்லன். கிரேக்கப் புராணக் கடவுளின் மகன். தன் பிறப்பின் உண்மையை மகனிடம் மறைக்கிறான். அந்த மறைப்பே மகனை நோயில் தள்ளுகிறது. பல கடவுளர் பற்றிய அக்கதைகளின் இறைக்கொள்கை நமக்கு முற்றிலும் ஏற்புடையதன்று என்பதைப் பிள்ளைகளிடம் தனியே சொல்லத்தான் வேண்டும். எனினும் அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு பெரிய நிறுவனங்கள் தங்கள் நாயகர்களுக்கு வயதேற்றி, அவர்கள் முன் ஓர் இளைஞனைக் கொண்டுவந்து நிறுத்தியது தற்செயல் என்று தோன்றவில்லை. 2001இல் பதினைந்து வயதில் விளையாடியவனுக்கு 2019இல் முப்பத்து மூன்று. அவன் மடியில் ஒரு குழந்தை இருந்திருக்கும்.

பெற்றோர்க்கு நடைமுறைச் செய்தி ஒன்று. இவை சிறுவர்க்கானவை அல்ல. ஐந்தாம் பாகத்துக்கு அமெரிக்காவின் தரமதிப்பீட்டுக் குழு 17 வயதுக்கு மேற்பட்டோர்க்கானது என்றே முத்திரை குத்தியிருக்கிறது. இரத்தம் உண்டு, கெட்ட சொற்கள் உண்டு, பெண்களின் உடையில் நமக்கு ஒவ்வாதவை உண்டு. பத்து வயதுப் பிள்ளையிடம் இது இருந்தால் எடுத்து வைத்துவிடுவதே சரி. அதற்கு ஃபத்வா தேவையில்லை. ஆனால் இருபதை எட்டிய மகன் விளையாடிக்கொண்டிருந்தால், நேர அளவையும் தொழுகையையும் நினைவூட்டியபின், அருகில் அமர்ந்து ஒரு கேள்வி கேட்டுப்பாருங்கள். "இவனுக்கு ஏன் தடி?" என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும். பேச்சு வீட்டிலுள்ள நன்னாவின் தடிக்கும் வரக்கூடும், வராமலும் போகலாம்.

இனி டான்டேவின் வயது என்ன ஆகும் என்பது நமக்கு ஆவலூட்டும் கேள்வி. இரண்டாம் பாகத்தின் பிற்பகுதியிலிருந்து ஐந்தாம் பாகம் வரை இந்த நாயகனைக் கூடவே இருந்து வளர்த்தவர் இயக்குநர் ஹிதேயாகி இட்சுனோ. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர் 2024இல் கேப்காமை விட்டு விலகிவிட்டார். 2025 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட கார்ட்டூன் தொடர் மீண்டும் இளம் டான்டேவிடமே திரும்பிப் போயிற்று. வணிகத்துக்கு இளமைதான் வசதி. சுருக்கமில்லாத முகத்தைப் பொம்மையாகச் செய்வதும் சுலபம். ஐந்தாம் பாகத்தின் முடிவில் இரு சகோதரர்களும் பேயுலகில் தங்கிவிட்டார்கள். மேலே மனிதர்களைக் காக்கும் வேலை நீரோவிடம் போய்விட்டது. கீழே அந்த இருவரும் இன்னும் யார் எத்தனை முறை வென்றார் என்று எண்ணிக்கொண்டே வாள் வீசிக்கொண்டிருக்கிறார்கள். அறுபது வயதில் அவர்களை மேலே கொண்டுவரும் துணிவு ஒரு நிறுவனத்துக்கு இருக்குமானால், அந்த விளையாட்டில் முதல் கைத்தடி யார் கையில் இருக்கும் என்று பார்க்க நாமும் காத்திருக்கிறோம்.